வீடு பார்க்கும் முன் ஒரு கொப்பி: தொண்டு நிறுவனத்துக்கு எவ்வளவு இடம் வேண்டும்?

அலுவலகத்துக்கு வாடகை வீடு பார்க்கக் கிளம்புவதற்கு முன், பக்கத்துக் கடையில் ஒரு கொப்பி வாங்குங்கள். இப்போதிருக்கும் அலுவலகத்தின் வாசல் மேசையில் அதை நான்கு வாரம் வையுங்கள். யார் வந்தார் (உத்தியோகத்தரும் சேர்த்துத்தான்), எந்த ஊரிலிருந்து, எதற்காக, எங்கே இருந்தார், எத்தனை மணியிலிருந்து எத்தனை மணி வரை. ஐந்து நிரல் போதும். புதிய இடத்தில் எத்தனை அறை வேண்டும் என்ற கேள்விக்குப் பாதி விடை அந்தக் கொப்பியில் வந்துவிடும்.

மட்டக்களப்பில் நாங்கள் பெரும்பாலும் இதைத் தலைகீழாகத்தான் செய்கிறோம். "கல்லடியில் ஒரு வீடு இருக்காம், மூன்று அறை, பெரிய ஹோல், வாடகையும் பரவாயில்லையாம்" என்று யாராவது சொல்வார். போய்ப் பார்ப்போம். முற்றத்தில் மாமரம் நிற்கும், பிடித்துவிடும். பிறகு பெரிய அறை பணிப்பாளருக்கு, அடுத்தது நிதிப் பிரிவுக்கு, மிச்ச உத்தியோகத்தர்கள் ஹோலுக்குள். நிறுவனம் யாருக்காக நடக்கிறதோ அந்தச் சனத்துக்கு விறாந்தையில் நாலு பிளாஸ்டிக் கதிரை, அதுவும் மோட்டார் சைக்கிள்களுக்கு நடுவில்.

இடத் திட்டமிடல் என்றால் இந்த வரிசையை நேராக்குவதுதான். இங்கே என்னென்ன வேலை நடக்கிறது, ஒவ்வொன்றுக்கும் எப்படிப்பட்ட இடம் வேண்டும், கிழமையில் எத்தனை மணித்தியாலம் வேண்டும், அது எந்த ஊரில் இருக்க வேண்டும், எத்தனை வருடத்துக்கு, யாருடைய காசில். இவ்வளவையும் எழுதி முடித்த பிறகுதான் தரகரிடம் பேச வேண்டும். எழுதாமல் போனால் தரகர் காட்டுகிற வீடுதான் உங்கள் திட்டமாகிவிடும்.

கடைக்காரருக்கு இதில் ஒரு வசதி உண்டு. கடையில் இடம் சரியில்லை என்றால் வியாபாரம் குறையும், கல்லாப்பெட்டி அதை அன்றைக்கே சொல்லிவிடும். தொண்டு நிறுவனத்துக்கு அப்படிச் சொல்ல ஒன்றும் இல்லை. வெயிலில் ஒரு மணி நேரம் காத்திருந்த தாய் அடுத்த முறை வரமாட்டார், அவ்வளவுதான். எந்த அறிக்கையிலும் அது பதிவாகாது. அதனால்தான் கொப்பியை இவ்வளவு வலியுறுத்துகிறேன்.

சரி, கொப்பியில் என்ன தெரியும்? அநேகமாக இரண்டு விஷயம். ஒன்று, வெளிக்கள உத்தியோகத்தர்கள் மேசையில் இருக்கும் நேரம் நாங்கள் நினைப்பதைவிடக் குறைவு. திங்கள் காலை கூட்டத்துக்கு வருவார்கள், வெள்ளி பின்னேரம் அறிக்கை எழுதுவார்கள், மற்ற நாளெல்லாம் செங்கலடியிலோ வெல்லாவெளியிலோ நிற்பார்கள். ஐந்து பேருக்கு ஐந்து மேசை போட்டால் மூன்று மேசையில் எப்போதும் தூசிதான். மூன்று மேசையைப் பொதுவாக வைத்து, ஆளுக்கொரு பூட்டுள்ள லாச்சி கொடுத்தால் போதும். 2022 இல் எரிபொருள் வரிசையும் மணிக்கணக்கான மின்வெட்டும் இருந்த மாதங்களில் பலர் வீட்டிலிருந்தே வேலை செய்தார்கள். அப்போதே இதை ஓரளவு கண்டுகொண்டோம், நிலைமை சரியானதும் பழையபடி மேசை வாங்கத் தொடங்கிவிட்டோம். மற்றது, வருகிற சனத்தில் பெரும்பாலானோர் காலை ஒன்பதரைக்கும் பன்னிரண்டரைக்கும் இடையில்தான் வருகிறார்கள். பஸ் நேரம் அப்படி. ஆகவே காத்திருக்கும் இடத்தை நாள் முழுவதற்குமான சராசரி வைத்துக் கணக்கிட்டால் பிழைக்கும். பதினொரு மணிக்கு எத்தனை பேர் என்று பாருங்கள்.

இனிக் கணக்கு. ஒரு நிறுவனத்தைக் கற்பனை செய்துகொள்வோம்: பணிப்பாளர் ஒருவர், நிதிப் பிரிவில் இருவர், வெளிக்கள உத்தியோகத்தர் ஐவர், உளவள ஆலோசகர், சாரதி, அலுவலக உதவியாளர் என்று மொத்தம் பதினொரு பேர். 'ஆளுக்கு நூறு சதுர அடி' என்று ஒரு வாய்க்கணக்கு உண்டு. அதன்படி 1,100 சதுர அடி. இப்போது ஆட்களை விட்டுவிட்டு வேலையை வைத்துப் பார்ப்போம். பணிப்பாளருக்குப் பத்துக்குப் பத்து அறை, 100. அதற்குள்ளேயே நாலு பேர் கூடிப் பேசலாம். நிதிப் பிரிவு இரண்டு மேசையும் இரும்பு அலுமாரியுமாக 150. வெளிக்களத்தாரின் மூன்று பொது மேசை 150. ஆலோசனை அறை 100. இருபத்தைந்து பேர் கதிரையில் இருக்கக்கூடிய கூட்ட இடம், ஆளுக்குப் பன்னிரண்டு சதுர அடிப்படி 300. களஞ்சிய அறை 120. பழைய கோப்புகளுக்கு 40. குசினி 60. மலசலகூடம் இரண்டு, அதில் ஒன்று சக்கர நாற்காலி நுழையக்கூடியது, 70. கூட்டிப் பார்த்தால் 1,090. அதோடு நடக்கிற வழி, கதவு திறக்கிற இடம், சுவர் என்று கால்வாசி சேர்க்க வேண்டும். கிட்டத்தட்ட 1,360 சதுர அடி வருகிறது. வாய்க்கணக்குக்கும் இதற்கும் 260 சதுர அடி வித்தியாசம். வாய்க்கணக்கோடு வீடு எடுத்தால் அந்த 260 யாருடைய பங்கிலிருந்து வெட்டப்படும்? பணிப்பாளரின் அறை வெட்டுப்பட்டதை நான் பார்த்ததில்லை. முதலில் போவது ஆலோசனை அறைதான்.

ஆனால் 1,360 என்பது முடிந்த முடிவும் அல்ல. கூட்ட இடம் மாதத்தில் எத்தனை நாள் பாவிக்கப்படுகிறது? கொப்பி மூன்று நாள் என்று சொல்கிறது என்று வைப்போம். அந்த 300 சதுர அடியும் அதற்குரிய நடைவழியும் சேர்ந்து 375, அதாவது வீட்டில் கால்வாசிக்கும் கூட. வாடகை மாதம் 60,000 ரூபா என்றால் மாதத்தில் இருபத்தேழு நாள் சும்மா கிடக்கும் இடத்துக்கு ஏறத்தாழ 16,500 ரூபா கொடுக்கிறீர்கள். அந்த மூன்று நாளும் கிராமத்துப் பல்தேவைக் கட்டடத்திலோ, ஒரு தேவாலய மண்டபத்திலோ கூட்டத்தை வைத்தால் செலவு குறையலாம், சனத்துக்கும் கிட்ட. அப்போது உங்களுக்குத் தேவை ஆயிரம் சதுர அடிக்குச் சற்றுக் குறைவான வீடு. அகலமான விறாந்தை இருந்தால் பதினைந்து பேர் கூட்டத்தை அங்கேயே நடத்திவிடலாம். எங்கள் பக்கத்துப் பழைய வீடுகளின் விறாந்தையைப் பலர் மதிப்பதில்லை. கிறில் போட்டு அடைத்து ஒரு மேசையைத் திணித்துவிடுகிறார்கள்.

இடையில் ஒரு சின்ன எச்சரிக்கை. தரகர் "பதினைந்து பேர்ச் இடம்" என்று சொல்வது காணியின் அளவை. ஒரு பேர்ச் 272 சதுர அடி. பதினைந்து பேர்ச் காணியில் 900 சதுர அடி வீடும் இருக்கலாம், 2,500 சதுர அடி மாடி வீடும் இருக்கலாம். அளவு நாடாவைக் கையோடு கொண்டுபோங்கள்.

ஆலோசனை அறையைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். நான் முன்பு வேலை செய்த ஓர் இடத்தில் ஹோலின் மூலையைப் பலகையால் அடைத்து அந்த அறையைச் செய்திருந்தோம். கதவு இருந்தது, பூட்டு இருந்தது, கதவில் 'இடையூறு செய்ய வேண்டாம்' என்ற அட்டையும் தொங்கியது. பலகை ஏழடியில் முடிந்துவிட்டது. அதற்கு மேல் சீலிங் வரை மூன்றடி வெளி, ஃபான் காற்றுக்காக. ஒருநாள் நான் நிதிப் பிரிவில் வவுச்சர் பார்த்துக்கொண்டிருக்கிறேன், உள்ளே ஒரு பெண் தன் வீட்டில் நடப்பதைச் சொல்கிறார். ஒரு சொல் விடாமல் கேட்கிறது. காசாளர் என்னைப் பார்த்தார், நான் அவரைப் பார்த்தேன், இரண்டு பேரும் எழுந்து வெளியே போய் மாமரத்தடியில் நின்றோம். அந்தப் பலகை அடித்ததற்கான பற்றுச்சீட்டிலும் நான்தான் கையெழுத்துப் போட்டிருந்தேன்.

ஆகவே ஆலோசனை அறைக்குச் சுவர் சீலிங் வரை போக வேண்டும். உள்ளே ஓர் ஆளை மெதுவாகப் பேசச் சொல்லிவிட்டு வெளியே நின்று கேளுங்கள், கேட்டால் அந்த அறை உதவாது. அடுத்தது, அந்த அறைக்குப் போகிற வழி. மட்டக்களப்பு சின்ன ஊர். எல்லோரும் எல்லோருக்கும் ஏதோ ஒரு முறையில் சொந்தம். வீதியிலிருந்து பார்த்தால் யாருடைய செருப்பு எந்த வாசலில் கிடக்கிறது என்றே சொல்லிவிடுவார்கள். வன்முறையால் பாதிக்கப்பட்ட பெண்கள் வருகிற நிறுவனம் என்றால், தையல் பயிற்சிக்கு வருகிறவர்களும் அவர்களும் ஒரே கேற்றால் வந்து, உள்ளே போன பிறகு பிரிகிற மாதிரி இடம் இருக்க வேண்டும். இன்ன வேலைக்குத்தான் வந்தார் என்று வெளியிலிருந்து பார்ப்பவருக்குத் தெரியக்கூடாது. அதற்காகவே பெயர்ப் பலகையில் செயற்றிட்டத்தின் பெயரை எழுதாமல் நிறுவனத்தின் பெயரை மட்டும் எழுதுகிறவர்கள் உண்டு. நல்ல பழக்கம்.

களஞ்சிய அறை பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. நிலத்திலிருந்து அரை அடி உயரத்தில் பலகைத் தட்டு, சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளி அடுக்குதல், கறையான் மருந்து. மாரி மாதத்தில் சுவரோடு சாய்த்து வைத்த கொப்பிக்கட்டு பூஞ்சணம் பிடித்துவிடும். ஆனால் அந்த அறைக்கு இடம் ஒதுக்கும் முன் இப்போதுள்ள களஞ்சியத்தை ஒருமுறை திறந்து பாருங்கள். எந்தத் தொண்டு நிறுவனத்திலும் முக்கால்வாசி இடத்தைப் பிடித்திருப்பது பழைய பதாகைகள். மகளிர் தினம், சிறுவர் தினம், சுற்றாடல் தினம், எல்லாவற்றிலும் ஆண்டு அச்சடித்திருக்கும், மறுபடி பாவிக்கவும் முடியாது. அவற்றுக்கு வாடகை கட்ட வேண்டியதில்லை. கணக்குக் கோப்புகள் வேறு விஷயம். எத்தனை ஆண்டு வைத்திருக்க வேண்டும் என்று நிதி வழங்குநரின் ஒப்பந்தத்தில் எழுதியிருக்கும், அந்த ஆண்டுகளுக்கான அலுமாரியைக் கணக்கில் சேர்த்தே ஆக வேண்டும்.

எந்த ஊரில் எடுப்பது என்பதற்கும் கொப்பிதான். நகரத்துக்குள், புளியந்தீவிலோ திருமலை வீதிப் பக்கமோ இருந்தால் வங்கியும் அரச அலுவலகங்களும் கிட்ட. எழுவான்கரைச் சனத்துக்கு, அதாவது வாவிக்குக் கிழக்கே கடற்கரைப் பக்கம் இருப்பவர்களுக்கு, பஸ் வசதியும் உண்டு. ஆனால் கொப்பியின் 'எந்த ஊர்' நிரலில் பாதிக்கு மேல் வாவிக்கு மேற்கே இருக்கிற படுவான்கரைப் பெயர்கள் இருந்தால்? வவுணதீவிலிருந்து வலையிறவுப் பாலத்தால் வரலாம், கொக்கட்டிச்சோலைப் பக்கத்துக்கு 2014 இல் திறந்த மண்முனைப் பாலம் இருக்கிறது. மண்டூரில் இருப்பவர் பலர் பாதையில் ஏறிக் குருமண்வெளிக்கு வந்து, களுவாஞ்சிக்குடியில் பஸ் பிடித்து, நகரத்துக்கு வருகிறார்கள். (மற்ற மாவட்டத்து வாசகர்களுக்கு: நாங்கள் 'பாதை' என்று சொல்வது வாவியைக் கடக்கிற படகுச் சேவையை.) அரை மணி நேர வேலைக்கு ஒரு நாள் கூலி போய்விடும். பாதை ஓடும் நேரமும் மழைக்காலத்தில் வாவியின் நிலையும் வேறு.

இப்படியான இடத்தில் பெரிய அலுவலகம் ஒன்றை நகரத்தில் எடுப்பதைவிட, நகரத்தில் சிறியதாக ஒன்றும், களுவாஞ்சிக்குடியில் கிழமைக்கு இரண்டு நாள் திறக்கிற ஓர் அறையும் வைப்பது புத்தி. அந்த அறை உங்களுடையதாக இருக்க வேண்டும் என்றும் இல்லை. மாதர் கிராம அபிவிருத்திச் சங்கக் கட்டடம் பல ஊரில் மாதக் கூட்டத்துக்கு மட்டுமே திறபடுகிறது. மின் கட்டணத்தைப் பொறுப்பெடுத்து, ஒரு மலசலகூடத்தைத் திருத்திக் கொடுத்தால் இரண்டு தரப்புக்கும் நல்லது. அம்பாறைக் கரையோரத்தில், கல்முனையிலிருந்து பொத்துவில் வரை நீண்டு கிடக்கிற பகுதியில் வேலை செய்பவர்களுக்கும் இதே யோசனை பொருந்தும். கல்முனையில் ஒரே அலுவலகத்தை வைத்துக்கொண்டு பொத்துவில் சனத்தை வரச் சொல்வது நியாயமில்லை.

இவ்வளவும் எழுதியாயிற்று. இப்போது வீடு பார்க்கப் போகலாம். ஒரு வீட்டை இரண்டு தடவை பாருங்கள், அதில் ஒரு தடவை பிற்பகல் இரண்டரை மணிக்கு. சூடான கச்சான் காற்று வீசுகிற மாதங்களில் மேற்குச் சுவரோடு இருக்கிற அறை அடுப்பு மாதிரி. மேலே சிலாப்பும் என்றால் கேட்கவே வேண்டாம். அங்கே கணினிகளை வைத்து ஏசி போட்டால் மின்பட்டியல் வாடகையோடு போட்டி போடும். அந்த அறையைக் களஞ்சியமாக்கி, கிழக்குப் பக்கத்தை ஆட்களுக்குக் கொடுங்கள். மின்சாரக் கணக்கு வீட்டுப் பாவனை வகையில் இருக்கிறதா என்பதையும் பாருங்கள், அலுவலகமாக மாறும்போது கட்டண வகை மாறும்.

வெள்ளத் தண்ணீரைப் பற்றி வீட்டுக்காரரிடம் கேட்காதீர்கள். அவர் "முற்றத்துக்கு மட்டும்தான் வந்தது" என்றுதான் சொல்வார். பக்கத்து வீட்டு அம்மாவிடம் கேளுங்கள். 2011 ஜனவரி வெள்ளத்தில் எதுவரை நின்றது, 2024 நவம்பரில் எதுவரை நின்றது என்று அவர் சுவரில் கை வைத்துக் காட்டுவார். அந்தக் கை அத்திவாரத்துக்கு மேலே இருந்தால், கோப்பு அலுமாரியின் கீழ்த்தட்டு எங்கே இருக்க வேண்டும் என்பதும் தெரிந்துவிடும்.

வெள்ளத்துக்காகவே இங்கே வீடுகளை உயர்த்திக் கட்டுகிறார்கள், அதில் ஒரு சிக்கல் ஒளிந்திருக்கிறது. விறாந்தைக்கு ஏற இரண்டு படி. ஒரு படி ஏழு அங்குலம் என்றால் பதினான்கு அங்குல உயரம். சக்கர நாற்காலிக்கான சரிவுப்பாதை ஓர் அங்குலம் உயர ஓரடி நீளம் போக வேண்டும், ஆகக் குறைந்தது பதினான்கு அடி. கேற்றுக்கும் படிக்கும் இடையில் அவ்வளவு இடம் இருக்கிறதா என்று அன்றைக்கே அளந்து பாருங்கள். பல அலுவலகங்களில் நாலு அடிக்குள் சீமெந்தைச் சரித்துவிட்டுச் 'சரிவுப்பாதை உண்டு' என்று அறிக்கையில் எழுதியிருக்கிறார்கள். அதில் சக்கர நாற்காலியைத் தள்ளிப் பார்த்தவருக்குத் தெரியும், ஏறும்போது பின்னால் சாயும், இறங்கும்போது பிடிக்க இரண்டு பேர் வேண்டும். மாற்றுத்திறனாளிகளின் உரிமைகளைப் பாதுகாக்கும் 1996 ஆம் ஆண்டின் 28 ஆம் இலக்கச் சட்டமும், அதன் கீழ் 2006 இல் வந்த அணுகுவசதி ஒழுங்குவிதிகளும் பொதுக் கட்டடங்களுக்கு இதைக் கட்டாயமாக்கியிருக்கின்றன. சட்டம் இருக்கட்டும், மாற்றுத்திறனாளிகளுக்காகச் செயற்றிட்டம் நடத்துகிற நிறுவனத்துக்குள் அவர்களே ஏற முடியாவிட்டால் என்ன சொல்வது? கதவு மூன்றடி அகலமாவது இருக்க வேண்டும். பழைய வீட்டுக் குளியலறைக் கதவுகள் இரண்டரை அடிக்கு மேல் இருப்பது அபூர்வம், அங்கேதான் எல்லோரும் மாட்டுப்படுவது.

இனிப் பேச மிச்சமிருப்பது காலமும் காசும். 2004 டிசம்பர் 26 க்குப் பிறகு இங்கே வந்த சர்வதேச நிறுவனங்கள் கேட்ட வாடகையைக் கொடுத்தன, வாடகை எகிறியது. சின்ன உள்ளூர்ச் சங்கங்கள் ஒழுங்கைக்குள் ஒதுங்கின. சில வருடத்தில் வந்தவர்கள் புறப்பட்டார்கள், பெரிய பெரிய வீடுகள் பூட்டிக் கிடந்தன. 2025 ஜனவரியில் அமெரிக்கா தன் வெளிநாட்டு உதவியை இடைநிறுத்தியபோது உலகமெங்கும் செயற்றிட்டங்கள் நாள்கணக்கில் நின்றன. இந்த இரண்டையும் பார்த்த பிறகும் மூன்று வருடக் குத்தகையை வெளியேறும் வழி இல்லாமல் எழுதக்கூடாது. 'நிதி நின்றால் இரண்டு மாத முன்னறிவித்தலோடு விடலாம், முற்பணத்தின் மிச்சம் இத்தனை நாளில் திரும்ப வேண்டும்' என்று ஒரு வரி வேண்டும். அந்த வரி நிற்க வேண்டுமானால் ஒப்பந்தமும் நிற்க வேண்டும்: 1840 ஆம் ஆண்டின் 7 ஆம் இலக்க மோசடித் தடுப்புக் கட்டளைச் சட்டத்தின்படி ஒரு மாதத்துக்கு மேற்பட்ட காணி, வீட்டுக் குத்தகை நொத்தாரிசு முன்னிலையில் எழுதப்பட்டால்தான் செல்லும். முத்திரை ஒட்டி இரண்டு பேர் கையெழுத்து வைத்த தாளை நம்பி ஒரு வருட முற்பணம் கொடுத்தவர்களை எனக்குத் தெரியும்.

மறுபக்கமும் உண்டு, நீங்கள் போக நினைக்காதபோது வீட்டுக்காரர் எழும்பச் சொல்வது. எங்கள் பக்கத்தில் வீடு பெரும்பாலும் பெண் பிள்ளைக்குச் சீதனமாகப் போகிறது. நல்ல வீடு ஒன்று வாடகைக்கு வருகிறது என்றால், மகளுக்குக் கலியாணம் பேசும்வரை சும்மா கிடக்க வேண்டாம் என்றுதான் பல நேரம் கொடுக்கிறார்கள். ஆகவே வீட்டைப் பார்க்கப் போகும்போது "பிள்ளைக்கு எத்தனை வயது அம்மா, என்ன படிக்கிறா?" என்று சாதாரணமாகக் கேட்டுப் பாருங்கள். பல்கலைக்கழகம் முடிக்கப் போகிறாள் என்றால் மூன்று வருடக் கனவை விட்டுவிடலாம். காணி உறுதி யார் பெயரில் இருக்கிறது என்பதையும் அதோடேயே பார்க்க வேண்டும், கையெழுத்துப் போட வேண்டியவர் சில நேரம் கனடாவில் இருப்பார்.

வாடகையை வரவுசெலவுத் திட்டத்தில் எங்கே போடுவது? அநேகர் முழுவதையும் பெரிய செயற்றிட்டத்தின் தலையில் கட்டிவிடுகிறார்கள். அது முடிகிற மாதம் வாடகைக்குச் சொந்தக்காரர் இல்லை. ஒவ்வொரு செயற்றிட்டமும் எத்தனை மேசை, எத்தனை மணித்தியாலம் பாவிக்கிறது என்று பிரித்து அந்த விகிதத்தில் போடுங்கள். கணக்காய்வாளர் கேட்டால் காட்டுவதற்கும் அதே கொப்பி இருக்கிறது.

கடைசியாக, உள்ளே போகிற அன்றே வெளியேறும் நாளுக்கான வேலையையும் செய்துவிடுங்கள். ஒவ்வொரு அறையையும் படம் எடுத்து, மின் மானியையும் தண்ணீர் மானியையும் தனியாக எடுத்து, திகதியோடு அச்சடித்து வீட்டுக்காரரின் கையெழுத்தை வாங்கி வையுங்கள். நீங்கள் கட்டும் சரிவுப்பாதை, அடிக்கும் பலகை, மாற்றும் கதவு இவற்றில் எதைக் கழற்றிக்கொண்டு போவது, எதை விட்டுப் போவது, விட்டுப் போவதற்கு வாடகையில் எவ்வளவு கழிப்பது என்றும் அதே தாளில் எழுதுங்கள். சரிவுப்பாதையை உடைத்துப் படியைப் பழையபடி கட்டித் தரச் சொன்ன வீட்டுக்காரரும் இருக்கிறார், தன் தாய்க்கு முழங்கால் வலி என்று அதை அப்படியே விடச் சொன்னவரும் இருக்கிறார்.